பழைய படத்தை எப்படிப் படிப்பது? பேஸ்பால் படங்கள் தரும் பயிற்சி



படத்தைப் பார்த்துக் கருத்துரைக்கச் சொன்னால் நம் மாணவர்கள் பலர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கண்ணால் கண்டதையும் மனத்தில் நினைத்ததையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துக் காட்ட நான் வகுப்பில் பயன்படுத்துவது அமெரிக்கப் பேஸ்பாலின் தொடக்கக் காலப் படங்கள். ஏன் பேஸ்பால்? அந்த ஆட்டக்காரர்களை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்பே தெரிந்ததை எழுத முடியாது. பார்த்துத்தான் எழுத வேண்டும்.

முதல் படம்: தொங்கும் பந்து

1887-இலிருந்து சில ஆண்டுகள் நியூயார்க்கின் குட்வின் நிறுவனம், ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் ஆட்டக்காரர்களின் படங்களை வைத்து விற்றது. அவற்றுள் ஒன்றில், ஒருவர் இரு கைகளையும் உயர்த்திப் பந்தைப் பிடிக்கப் போகிறார். “ஆட்டத்தின் விறுவிறுப்பான கட்டம்” என்று ஒரு மாணவர் எழுதினார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “டீச்சர், பந்துக்கு மேல நூல் தெரியுதே!”

ஆமாம், பந்து நூலில் தொங்குகிறது. படம் எடுத்த இடம் திடல் அல்ல, ஸ்டூடியோ. பறக்கும் பந்தை ஸ்டூடியோ வெளிச்சத்தில் தெளிவாகப் பிடிப்பது அக்காலக் கருவிகளுக்குக் கடினம். அதனால் பந்தைத் தொங்கவிட்டு, ஆட்டக்காரரை அசையாமல் நிற்க வைத்தார்கள். அந்த மாணவரின் ஊகம் தவறியது கற்பனையால் அல்ல. படத்தின் மேல்பகுதியை அவர் பார்க்கவே இல்லை.

இரண்டாம் படம்: தெரியாத சிவப்பு

1869-இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் குழு, தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சம்பளம் தருவதாக வெளிப்படையாக அறிவித்தது. ஜார்ஜ் ரைட்டுக்கு 1,400 டாலர். அவ்வாண்டு அக்குழு தோல்வியே காணவில்லை. மறு ஆண்டு ஜூன் 14-இல்தான் புரூக்ளின் அட்லாண்டிக்ஸிடம் 8-7 என்று தோற்றது.

அக்குழுவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் முழங்கால் வரையிலான காற்சட்டையும் நீண்ட காலுறையும் தெரிகின்றன. காலுறை சிவப்பு என்பது தெரிகிறதா? இல்லை. அதைக் குழுவின் பெயர்தான் சொல்கிறது. எனவே “சிவப்புக் காலுறை அணிந்திருப்பதைப் படத்தில் காண்கிறோம்” என்று எழுதினால் பிழை. “குழுவின் பெயரிலிருந்து காலுறை சிவப்பு என அறிகிறோம்” என்பதே சரி.

மூன்றாம் படம்: இல்லாத முகம்

1881-இல் எடுத்த ஓபர்லின் கல்லூரிக் குழுப் படத்தில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் இருக்கிறார். அவர் தம்பி வெல்டியும் இருக்கிறார். இருவரும் கறுப்பினத்தவர். மோசஸ் 1884-இல் டொலிடோ குழுவுக்காக மேஜர் லீக்கில் ஆடினார். ஆனால், 1900-க்குப் பிந்திய மேஜர் லீக் குழுப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட முகங்கள் இல்லை.

“அவங்களுக்கு அந்த ஆட்டம் பிடிக்கல போல” என்றான் ஒரு மாணவன். சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் இங்கே ஊகம் தவறினால் மதிப்பெண் மட்டும் போகாது, மனிதர்களுக்கு அநியாயமும் ஆகிவிடும். நடந்தது என்ன? 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக், கறுப்பின ஆட்டக்காரர்களோடு இனிப் புதிய ஒப்பந்தம் இல்லை என்று முடிவெடுத்தது. மேஜர் லீக்கில் எழுதப்படாத உடன்பாடாகவே அந்தத் தடை நீடித்தது. அவர்களோ ஆட்டத்தை விடவில்லை. தங்களுக்கென்று குழுக்கள் அமைத்தார்கள். 1920-இல் நீக்ரோ நேஷனல் லீக் உருவானது. 1947 ஏப்ரல் 15-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கிய பிறகே அந்தத் தடை உடைந்தது.

தேர்வில் எப்படி எழுதுவது?

வினைமுற்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

• கண்டது: நிற்கிறார், அணிந்திருக்கிறார், தெரிகிறது.
• ஊகித்தது: இருக்கலாம், எனத் தோன்றுகிறது. கூடவே “ஏனெனில்” என்று காரணம் சொல்லுங்கள்.
• படத்துக்கு வெளியே அறிந்தது: என அறிகிறோம், எனப் பதிவுகள் கூறுகின்றன.

ஆசிரியர்களே, அடுத்த பாடத்தில் உங்கள் பள்ளியின் பழைய விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்றைக் காட்டுங்கள். கண்டது மூன்று வாக்கியம், ஊகம் இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் படத்தில் யார் இல்லை? ஏன்?” பதில் உடனே வராது. பரவாயில்லை, காத்திருங்கள். அந்தப் பையனும் அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அவங்க படமெல்லாம் எங்க டீச்சர்?” என்று கேட்டான். அடுத்த பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கினேன்.