யூரியாவுக்கு ஓர் உறை: ஆமணக்கெண்ணெய்ப் பாலியூரிதேன்

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து அடங்கியுள்ளது. ஆயினும் நெல் வயலில் இடப்படும் அச்சத்தில் பயிருக்குச் சேருவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவேயாம். எஞ்சியதில் ஒரு பகுதி அமோனியா வாயுவாக ஆகாயத்திற் கலக்கின்றது. மற்றொரு பகுதி நைட்ரேட்டாக மாறி நீருடன் வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடுகின்றது. இந்நஷ்டத்தைக் குறைக்கும் பொருட்டே 2015ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசப்படுகின்றது. 2023ஆம் ஆண்டில் கந்தகம் பூசிய யூரியாவும் வெளிவந்தது. இவ்வழியில் இன்னொரு முறையாகிய பாலியூரிதேன் உறையைப் பற்றி விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

பாலியூரிதேன் என்பது 1937ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் ஆட்டோ பேயர் என்னும் ரசாயன சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த பொருள். ஐசோசயனேட் என்னும் ரசாயனமும், ஹைட்ராக்சில் என்னும் அணுக்கூட்டத்தை உடைய எண்ணெய் போன்றதொரு திரவமும் சேர்ந்து இறுகுவதால் இஃது உண்டாகின்றது. நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் விளையும் ஆமணக்கின் எண்ணெயில் இவ்வணுக்கூட்டம் இயற்கையாகவே அமைந்திருக்கின்றது. ஆதலின் பெட்ரோலியத் திரவத்திற்குப் பதிலாக இவ்வெண்ணெயை உபயோகித்தல் சாத்தியமாகின்றது.

ஆலையில் யூரியா மணிகளைச் சுழலும் உருளையிலிட்டுச் சூடாக்கி, இவ்விரண்டையும் சிறிது சிறிதாகத் தெளிப்பர். மணியின்மேல் மெல்லிய தோல் படியும். நிலத்தின் ஈரம் இத்தோலின் வழியே உட்புகுந்து யூரியாவைக் கரைக்க, கரைசல் மெதுவாக வெளியே கசிகின்றது. தோலின் கனத்திற்கேற்ப இது பல வாரங்கள் நடைபெறும். மண்ணின் உஷ்ணம் ஏறினால் கசிவும் விரைவுபடும்.

இத்தோலில் நுண்ணிய துவாரங்கள் இருப்பின் பலன் கெடும். பூசுங்கால் ஈரம் சேர்ந்தால், ஐசோசயனேட் அதனுடன் கூடிக் கரியமில வாயுவை வெளிவிட, குமிழிகள் உண்டாகித் துவாரங்களாகின்றன. இக்குறையை நீக்கவே நானோ அளவுள்ள சிலிகாத் துகள்களைச் சேர்க்கும் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்துகள்கள் துவாரங்களை அடைப்பதுடன், தக்கபடி பக்குவப்படுத்தினால் தாமரை இலையைப் போல் நீர் ஒட்டாத தன்மையையும் அளிக்கின்றன. அளவு மிஞ்சினாலோ துகள்கள் கட்டியாகத் திரண்டு, தோல் வெடிக்க ஏதுவாகும். திரவமாக விற்கப்படும் நானோ யூரியா வேறு, இது வேறு என்பதை மறத்தலாகாது.

இனி, கவனிக்க வேண்டியவை யாவை? முதலாவது, விலை. சர்க்கார் மானியத்துடன் கிடைக்கும் 45 கிலோ யூரியா மூட்டைக்கு முன் உறையிட்ட உரம் விலை மிகுந்தது. எருவின் அளவும் மேலுரம் இடும் கூலியும் குறைந்தாலன்றி லாபமில்லை. இரண்டாவது, உறையின் கதி. யூரியா கரைந்த பின் தோல் மண்ணிலேயே தங்குகின்றது. ஜப்பான் தேசத்து நெல் வயல்களினின்று இவ்வகைப் பிளாஸ்டிக் உறைகள் வடிநீருடன் கடலைச் சேர்ந்தமை அங்கே பெருங்கவலை விளைவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 2019ஆம் ஆண்டு உரச் சட்டமும், இத்தகைய உறைகள் மட்கியழிய வேண்டும் என்று விதிக்கின்றது. ஆமணக்கெண்ணெயிற் செய்ததென்ற காரணத்தால் மட்டும் உறை விரைவில் மட்கிவிடும் என நம்புதல் கூடாது.

வாங்குவோர் மூட்டையின்மேல் தழைச்சத்தின் அளவும், அது வெளிப்படும் நாட்களின் எண்ணிக்கையும் அச்சிடப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். நூறு மணிகளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரிலிட்டு மறுநாள் எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். அவற்றில் பல வெறும் கூடாக நசுங்கினால் உறை பழுதென்று கொள்க. மணிகளை இடித்தலும், உறை உராயும்படி இயந்திரத்திற் கலத்தலும் ஆகா. ஐசோசயனேட் ஆவி மூச்சிரைப்பு நோயை உண்டாக்கக் கூடியதாதலின், வீட்டில் தாமே உறையிட முயலுதல் அபாயம்.

முதற் போகத்தில் ஐந்து சென்டு நிலத்தில் மட்டும் இதனை இட்டு, பக்கத்தில் ஐந்து சென்டில் வழக்கமான வேம்பு யூரியாவை இடுக. வடிமடையில் நெருங்கிய வலை கட்டுக. இரண்டின் மகசூலையும் தனித்தனியே நிறுத்து, செலவுடன் ஒப்பிட்ட பின்னரே மற்ற நிலத்திற்கு வாங்குவது விவேகமாகும்.