சேற்றுப் பாதைக்கு மலிவான டயர்

மழைக்காலத்தில் மலைப்பாதை சைக்கிளுக்கு டயர் கேட்டு வருவோர் முதலில் விலையையே விசாரிக்கின்றனர். எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பதை வியாபாரிகளாகிய நாம்தான் சொல்ல வேண்டும்.

மடிக்கக்கூடிய டயரை விட விளிம்பில் கம்பியுள்ள டயர் விலை குறைந்தது. பாரம் சற்றுக் கூடும்; கம்பியால் பிடிமானம் குறையாது. ஆனால் பற்களைப் பார்க்காமல் விற்கக் கூடாது. நெருக்கமான பற்களுக்கிடையே சேறு அடைத்தால் டயர் வழுக்கத் தொடங்கும். உயரமான, இடைவெளியுள்ள பற்களே சேற்றை உதறும். அகலம் 2 அங்குலமளவில் போதும். கூடினால் சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே சேறு இறுகும். பக்கவாட்டிலுள்ள இலக்கத்தையும் ஒப்பிடுங்கள்: 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு 559.

ஒரு டயருக்கே காசிருந்தால் முன்சில்லுக்குப் போடச் சொல்கிறேன். பின்சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சில்லு வழுக்கினால் ஆளே விழுவார். ஒரு டயர் குறைவாக விற்றாலும் பரவாயில்லை. எம்மை நம்பி வந்தவர் விழக் கூடாது.