ஃப்ரிட்ஜுக்கு அடிக்கடி பனி பிடிக்கிறதா?

"டாக்டர்... ஓட்டல் சாப்பாடே கிடையாது. எல்லாம் வீட்டுச் சமையல்தான். அப்படியும் பத்துப் பதினைஞ்சு நாளைக்கு ஒருதரம் வீட்டுல யாருக்காவது வயித்தைப் புரட்டுது!"

இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் இல்லத்தரசிகளிடம், தண்ணீரைப் பற்றி விசாரித்த கையோடு நான் கேட்கிற அடுத்த கேள்வி: "ஃப்ரிட்ஜ் எப்படிம்மா இருக்கு?"

சித்த வைத்தியர் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலர் சிரிப்பார்கள். பிறகு பதில் வரும். "நல்லாத்தான் ஓடுது டாக்டர். என்ன... மேலே பனி கட்டிக்கும், கீழே ஜில்லுன்னு இருக்காது. ஒரு நாள் பூரா ஆஃப் பண்ணித் திறந்து போட்டா சரியாயிடும். அப்புறம் பத்துப் பதினைஞ்சு நாள் பிரச்னையே இல்லை!"

இரண்டு கணக்கும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா?

எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அணைத்துப் போட்டால் சரியாகி, சில நாளில் மறுபடி பனி கட்டுகிற ஃப்ரிட்ஜ் நோயாளி ஃப்ரிட்ஜ்தான். அணைத்து வைப்பது, காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி. சூடு தணியும், நோய் அப்படியே இருக்கும்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று பாருங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் பெரும்பாலானவற்றில் ஃப்ரீஸரில் பனி படிவது இயற்கை. அரை சென்டிமீட்டர் கனம் வந்ததும் குமிழின் நடுவில் இருக்கும் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும். உருகி முடிந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். நாலைந்து நாளிலேயே பனி மலை எழும்பினால் கதவு ரப்பரையோ தெர்மோஸ்டாட்டையோ சந்தேகப்படலாம். அதோடு அந்தக் கதை முடிந்தது.

'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' என்று சொல்லி விற்கும் இரட்டைக் கதவு ரகம்தான் நம்மைப் பாடாய்ப்படுத்துவது. இதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பனி கட்டவே கூடாது!

மூன்று பேர் கூட்டணி

இந்த ரகத்தில் குளிர் உண்டாகிற இடம் ஃப்ரீஸரின் பின்பக்கத் தகடுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காயில். பக்கத்திலேயே ஒரு சின்ன விசிறி. பெரும்பாலான மாடல்களில் கீழ்த்தட்டுக்கென்று தனியாகக் குளிர் உற்பத்தி கிடையாது. மேலே உண்டான குளிர் காற்றைத்தான் விசிறி கீழே தள்ளுகிறது.

கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய் அந்தக் காயிலில் உறைபனியாகப் படியும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அந்தப் பனியை உருக்கத்தான் காயிலோடு ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸர் நின்று, இருபது முப்பது நிமிடம் ஹீட்டர் வேலை செய்யும். உருகிய தண்ணீர் ஒரு துவாரம் வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

நம் உடம்புக்கு வாதம், பித்தம், கபம் மாதிரி, இதற்கும் மூன்று பேர் கூட்டணி. 'நேரமாச்சு' என்று சொல்வது டைமர் (புது மாடல்களில் எலெக்ட்ரானிக் போர்டு). உருக்குவது ஹீட்டர். 'போதும், நிறுத்து' என்று சொல்வது பைமெட்டல் தெர்மோஸ்டாட் அல்லது சென்ஸார். கூடவே, சூடு எல்லை மீறினால் தன்னைத்தானே எரித்துக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ஃப்யூஸ். இவர்களில் ஒருவர் படுத்துவிட்டாலும் காயிலில் பனி ஏறிக்கொண்டே போகும். காற்றுப் பாதை அடைபடும். மேலே ஐஸ்க்ரீம் கல்லாக இருக்கும், கீழே பால் திரியும்! ஒரு நாள் அணைத்தால் பனி உருகும், பாதை திறக்கும். படுத்தவர் எழுந்திருக்கவில்லையே... அதனால்தான் சொல்லி வைத்த மாதிரி திரும்ப வருகிறது.

பனி எங்கே படிகிறது என்று பார்த்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். கதவு ஓரத்தில் பூத்தாற்போல் படிந்தால் கதவின் ரப்பர் (கேஸ்கெட்) கோளாறு. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சில சமயம் மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருப்பதுதான் காரணமாக இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும்.

ஃப்ரீஸரின் தரையில் பாளமாக ஐஸ், கீழே காய்கறிப் பெட்டியில் தண்ணீர்... இது வடிகால் துவாரம் அடைத்துக்கொண்டதன் அடையாளம். பனி முழுக்க உருகிய பிறகு, துவாரம் கண்ணுக்குத் தெரிகிற மாடலாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

பின்தகடு முழுக்க வெண்மையாகப் பனி பூத்திருந்தால் பெரும்பாலும் மேலே சொன்ன கூட்டணியில்தான் கோளாறு. சில வீடுகளில் விசிறி பனியில் உரசி 'டர்ர்' என்று சத்தமும் வரும்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் நம் பக்கத்துத் தப்புகளையும் பார்த்துவிட வேண்டும். கொதிக்கிற ரசத்தை மூடாமல் வைப்பது, காற்று வரும் துளையை இட்லி மாவுப் பாத்திரத்தால் அடைப்பது, பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு 'என்ன இருக்கு' என்று ஆராய்ச்சி செய்வது... எல்லாமே ஈரத்தை உள்ளே அழைக்கிற காரியம்தான். இதையெல்லாம் நிறுத்தியும் பனி திரும்பினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

'கேஸ் போயிடுச்சும்மா!'

வருகிறவர் எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஃப்ரிட்ஜ் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி செலவாகித் தீருவதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது கசிந்தால்தான் குறையும். கசிந்து குறைந்த கேஸ், ஒரு நாள் அணைத்து வைத்தால் எப்படித் திரும்பி வரும்?

"தம்பி, தகட்டைக் கழற்றி காயிலைக் காட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். காயில் முழுக்க ஒரே சீராகக் கனமாகப் பனி மூடியிருந்தால் டீஃப்ராஸ்ட் கோளாறு. ஓரத்தில் சில சுற்றுகளில் மட்டும் பனி, மற்றவை வெறுமனே இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். அதனால் அவர் வருவதற்கு முந்தின நாள் ஃப்ரிட்ஜை அணைத்து, உருக்கி, துடைத்து வைத்துவிடாதீர்கள். வைத்தியரிடம் வரும்முன் மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு வருகிற மாதிரி ஆகிவிடும்!

இன்னொரு நுணுக்கம். பைமெட்டல் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் மின்சாரத்தை விடும். அறைச் சூட்டில் கையில் வைத்துச் சோதித்தால் நல்ல பைமெட்டலும் செத்த மாதிரிதான் காட்டும். பனியோடு இருக்கும்போதே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய உதிரிப் பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. வேலை முடிந்ததும் ஒருமுறை ஹீட்டரை ஓடவிட்டுக் காட்டச் சொல்வதும் நல்லது.

தயவுசெய்து கத்தி, கரண்டிக் காம்பு கொண்டு பனியைப் பெயர்க்காதீர்கள். குழாயில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் உண்மையிலேயே கேஸ் போய்விடும். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பற்றக்கூடியது. 'புஸ்' என்று சத்தம் கேட்டால் ஸ்விட்சைத் தொடாமல், அடுப்பு எரிந்தால் அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். அவசரமாக உருக்க வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். அது போதும்.

சாப்பாடு என்ன ஆகிறது?

கீழ்த்தட்டு 4 டிகிரி செல்சியஸ், ஃப்ரீஸர் மைனஸ் 18. இதுதான் இருக்க வேண்டிய அளவு. 5 டிகிரிக்கு மேலே போனால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, டம்ளர் தண்ணீருக்குள் போட்டு, நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். கையால் தொட்டு 'ஜில்லுன்னுதான் இருக்கு' என்பதெல்லாம் கணக்கில் சேராது. 12 டிகிரியும் கைக்கு ஜில்லென்றுதான் இருக்கும்!

சோறு, கறி, மீன், பால், தேங்காய்ச் சட்னி... இவை 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாக இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். "நல்லாக் கொதிக்க வச்சுட்டேன் டாக்டர்" என்பார்கள். பழைய சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வாந்தி உண்டாக்கும் ஒரு நஞ்சைக் கக்கி வைக்கிறது. கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதியிலும் அழியாது. வாசனை பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முந்தின நாள் சமைத்த கறி அமுதமாகவே இருந்தாலும் வேண்டாம் என்பது தேரையர் சொன்ன விதி. வேலைக்குப் போகும் பெண்களிடம் அதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சரியாகக் குளிர்கிற ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஆனால் நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சி மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்துக் குடிக்கிறார்களே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். குடிநீர் மருந்துக்குச் சித்த மருத்துவத்தில் சொல்லியிருக்கும் ஆயுள் மூன்று மணி நேரம்தான்!

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால் இந்தக் கோளாறை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கீழ்த்தட்டு சூடாகிறதே என்று அதைத் தூக்கி ஃப்ரீஸரில் வைப்பவர்கள் உண்டு. உறைந்துபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் பலன் தராது. தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் சரியாகும்வரை பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருப்பதைப் பொதுவாக 25, 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் நாலு வாரம்வரை வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கு மருந்து இது மாறும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் நம் வீடுகள் அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதால், இறுக மூடிய டப்பாவில் போட்டு ஈர மண்பானைக்குள் வைப்பது நல்ல யோசனை. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு என்று ஊசியை நிறுத்த மட்டும் கூடாது.

கடைசியாக, பின்னால் இருக்கும் அந்தத் தண்ணீர்த் தட்டு. ஃப்ரிட்ஜை அணைத்துப் போடும் நாளில் மொத்தப் பனியும் உருகி அதில் வந்து நிற்கும். கம்ப்ரஸர் சூடும் இல்லாததால் ஆவியாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி தேங்கிய தெளிந்த தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, தட்டில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போகாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்ற முடிகிற தட்டானால் எடுத்து நாரால் தேய்த்துக் கழுவுங்கள், முடியாததானால் துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள்.