பாஸ்போர்ட் கையில் இல்லையா? ஊர் திரும்ப வழி இருக்கு



செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வெளிநாட்டுக்குப் போன ஆள் இருக்கிறார். குவைத், சவுதி, துபாய், மலேசியா என்று ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் போகிறார்கள். போனவர்கள் நல்லபடியாக இருக்கிறவரை பேச்சில்லை. சம்பளம் நின்றுபோய், "அம்மா, நான் வந்துடறேன். ஆனா பாஸ்போர்ட்டு அவங்க கிட்ட இருக்கு, இல்லாம எப்படி வர்றது?" என்று போன் வந்த பிறகுதான் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உடனே ஏஜெண்ட் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். அவர் ஒரு தொகை கேட்கிறார். நாமும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடுகிறோம்.

பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் இந்தியர் இந்தியாவுக்குத் திரும்பலாம். இது யாரோ பெரிய மனசு பண்ணித் தருகிற சலுகை இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே தாண்ட வேண்டிய வாசல் இரண்டு. ஒன்று, இந்தியாவுக்குள்ளே வருவதற்கான காகிதம். அதை நம் தூதரகம் தரும். இன்னொன்று, அந்த நாட்டை விட்டு வெளியே போக அந்த நாட்டு அரசு தரும் அனுமதி. முதல் காகிதம் கிடைத்ததும் டிக்கெட் போட்டு விமான நிலையம் வரை போய், அங்கே தடுக்கப்பட்டுத் திரும்புகிறவர்கள் இந்த இரண்டாவது வாசல் இருப்பது தெரியாதவர்கள்தான்.

முதலில் ஒரு விஷயம். பாஸ்போர்ட் நம் பெயரில் இருந்தாலும் அது இந்திய அரசின் சொத்து. பாஸ்போர்ட் புத்தகத்திலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. முதலாளி அதை வாங்கிப் பூட்டி வைக்க உரிமை கிடையாது. குவைத்தில் வீட்டு வேலைக்காரர்களுக்காக 2015ல் வந்த 68ஆம் எண் சட்டமும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் பிடுங்கி வைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. அதற்காக முதலாளி வீட்டு பீரோவை உடைத்து எடுக்கச் சொல்லி யாரும் யோசனை சொல்லாதீர்கள். நம் பொருளை எடுத்தாலும் திருட்டுப் புகார் ஆகிவிடும். புகார் விழுந்தால் வீடு திரும்புவது இன்னும் தள்ளிப் போகும்.

பாஸ்போர்ட் தொலைந்தாலும், முதலாளியிடம் மாட்டிக்கொண்டாலும், காலாவதி ஆனாலும் தூதரகம் ஒரு காகிதம் தருகிறது. அதன் பெயர் அவசரச் சான்றிதழ். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்கள் "வெள்ளை பாஸ்போர்ட்" என்றும் "அவுட் பாஸ்" என்றும் சொல்வது இதைத்தான். 1967ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஒரே ஒரு பயணம், அதுவும் இந்தியாவுக்கு மட்டும். இதை வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக முடியாது, அங்கே வேலையும் பார்க்க முடியாது.

நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது சாவி

தூதரகத்தில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, "நீ இந்தியர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதே. கட்டின துணியோடு வந்து நிற்கும் பெண்ணிடம் என்ன இருக்கும்? அதனால்தான் பதில் இங்கிருந்து போக வேண்டியிருக்கிறது.

பழைய பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் வீட்டில் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. முதல் பக்கமும், முகவரி இருக்கிற கடைசிப் பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்வார்கள். ஜெராக்ஸ் இல்லாவிட்டால் பாஸ்போர்ட் எண்ணாவது வேண்டும். எண் எங்கே கிடைக்கும்? டிக்கெட் நகல், விசாக் காகிதம், ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு, ஏன், முன்பு காசு அனுப்பின ரசீதில்கூட சில சமயம் இருக்கும். தேடுங்கள்.

எண்ணும் இல்லை என்றால் தூதரகம் விவரங்களை இந்தியாவுக்கு அனுப்பி விசாரிக்கும். அப்போது நம் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வரும். "போலீசு எதுக்கு வர்றாங்க, எம் பொண்ணு என்ன தப்பு பண்ணிச்சி?" என்று பயந்து, "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று சொல்லிவிடும் பெரியவர்கள் உண்டு. அந்த ஒரு வார்த்தை போதும், அங்கே அந்தப் பெண் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க. வருகிறவர்கள் விசாரிப்பது "இவர் இந்த ஊர்க்காரரா?" என்று மட்டுமே. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்பத்தோடு எடுத்த போட்டோ என்று இருக்கிறதைக் காட்டுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சொன்னாலும் பலம்தான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்த நீளமான பெயர். தூதரகத்தில் அந்தப் பெண் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பாள். இங்கே யாருக்கும் எது எதுவென்று புரியாது. இதைவிட மோசம் வயது. பத்தாம் வகுப்பு தேறாத பெண்ணை வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அரசு விதி. 24 வயதுப் பெண்ணுக்கு 31 என்று போட்டுப் பாஸ்போர்ட் வாங்கித் தருகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். விசாரணையில் ஆதாரில் ஒரு வயதும் பாஸ்போர்ட்டில் ஒரு வயதும் வந்து நின்றால் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். அப்படி நடந்திருந்தால் மறைக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி மனுவிலேயே எழுதிவிடுவதுதான் சீக்கிரம் முடிகிற வழி.

இரண்டாவது வாசல்

நம் ஊர்க் கோட்டைக் கதை தெரியும்தானே? மராட்டிய ராஜாராம் 1689ல் மாறுவேடத்தில் தப்பி வந்து செஞ்சிக் கோட்டையில் இருந்தார். முகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகை போட்டும் 1698ல் கோட்டை விழுவதற்கு முன்பே அவர் நழுவித் தன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது விமான நிலையத்தில் விரலை வைத்தால் எல்லாம் திரையில் வந்துவிடும். அகாமா என்றைக்கு முடிந்தது, முதலாளி என்ன புகார் கொடுத்தார், வழக்கு எதுவும் இருக்கிறதா என்று எதுவும் தப்பாது.

வளைகுடா நாடுகளில் வேலைக்காரர் ஒரு கபீலின் பொறுப்பில், அதாவது முதலாளியின் பொறுப்பில் இருப்பார். அவரிடம் சொல்லாமல் வெளியே வந்துவிட்டால் "ஓடிப்போனவர்" என்று அவர் புகார் கொடுக்கலாம். சவுதியில் இதை "ஹுரூப்" என்பார்கள். இந்தப் புகார் நிற்கிறவரை வெளியேறும் அனுமதி கிடைப்பது கஷ்டம். அகாமா முடிந்து தங்கியிருந்தால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதமும் ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் தீர்க்க அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகம், குடியேற்ற அலுவலகம் இரண்டும் ஏற வேண்டும். தூதரகத்துத் தொழிலாளர் நலப் பிரிவு இதற்குத் துணை செய்யும். எதுவும் முடியாவிட்டால் நாடு கடத்தும் முகாம் வழியாக அனுப்புவார்கள். அப்படி வந்தால் மறுபடி அந்த நாட்டுக்குப் போகத் தடை விழும்.

அவ்வப்போது அந்த நாடுகள் பொதுமன்னிப்பு அறிவிக்கின்றன. குவைத்தில் 2018 ஜனவரி 29ல் தொடங்கியது, பிறகு ஏப்ரல் 22 வரை நீட்டித்தார்கள். அதே குவைத்தில் 2024 மார்ச்சிலிருந்து ஜூன் முடிய இன்னொன்று. துபாய் உள்ளிட்ட அமீரகத்தில் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை. இந்த நாட்களில் அபராதம் கட்டாமல், தடை விழாமல் ஊர் வரலாம். ஆனால் நீதிமன்ற வழக்கு, கடன் வழக்கு, திருட்டுப் புகார் இருப்பவர்கள் அதை முடித்தால்தான் நகர முடியும். மன்னிப்பு அறிவித்ததும் தூதரக வாசலில் கூட்டம் அலைமோதும். ஏற்கெனவே ஜெராக்ஸ் கையில் வைத்திருப்பவர் முதல் வாரத்திலேயே விமானம் ஏறிவிடுவார். ஆதாரம் தேடுகிறவர் கடைசித் தேதியைத் தாண்டிவிடுவார். "அடுத்த மன்னிப்பு வரட்டும்" என்று ஒளிந்துகொண்டு வேலை பார்ப்பது மட்டும் வேண்டாம், அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண் முதலில் செய்ய வேண்டியது நமக்கோ தூதரகத்துக்கோ எப்படியாவது சேதி சொல்வது. மாடியிலிருந்து புடவையைக் கட்டி இறங்குவது, ஜன்னல் வழியாகக் குதிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். கை கால் முறிந்து ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் உண்டு. வெளியே வர முடிந்தால் நேராகத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். குவைத் போன்ற இடங்களில் தூதரகத்திலேயே பெண்கள் தங்கும் இடம் இருக்கிறது. "வேற வேலை வாங்கித் தர்றேன் வா" என்று நடுவழியில் கூப்பிடும் நம் மொழிக்காரர் வீட்டுக்குப் போனால் ஓடிப்போனவர் என்ற பெயரும் நிலைத்துவிடும், பாதுகாப்பும் இருக்காது.

மலேசியா கதை வேறு. 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமலே 30 நாள் போய்ச் சுற்றிப் பார்க்கலாம் என்று வந்தது. அது சுற்றிப் பார்க்கத்தான், வேலைக்கு இல்லை. ஹோட்டல் வேலை என்று போய்த் தங்கிவிட்டால் சட்டப்படி தப்பு. அங்கும் அபராதம் கட்டித் திரும்பும் திட்டங்கள் வந்து போகின்றன. 2019ல் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 700 ரிங்கிட் கட்டினால் போகலாம் என்றார்கள். அந்தப் பணத்தை நேராக அரசு கவுன்ட்டரில்தான் கட்ட வேண்டும். நடுவில் இருக்கிற ஆளிடம் கொடுத்துவிட்டு ரசீது கேட்கக்கூட முடியாமல் நிற்காதீர்கள்.

பணம் யார் தருவது, யாரிடம் சொல்வது?

டிக்கெட்டுக்குக் காசில்லாதவருக்காக 2009ல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதி என்று ஒன்று ஒவ்வொரு இந்தியத் தூதரகத்திலும் இருக்கிறது. கதியற்று நிற்பவருக்கு விமான டிக்கெட், தங்கும் செலவு, வழக்குக்கு உதவி, இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்புவது வரை அதிலிருந்து செய்யலாம். கேட்டால்தான் கிடைக்கும். கேட்கிற மனுவில் "எங்களுக்கு வசதி இல்லை" என்று வெட்கப்படாமல் எழுத வேண்டும். "50 ஆயிரம் குடு, நான் வெளியே எடுத்துடறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால், குழுவில் உள்கடன் கேட்கும் முன்பு ஒரு நாள் பொறுத்து இந்த வழியைப் பாருங்கள். கடன் நம் தலையில்தான் விழும், ஏஜெண்ட் தலையில் இல்லை.

வீட்டிலிருந்தே பேச, வெளிநாடு வாழ் இந்தியருக்கான மத்திய அரசு உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. இணையத்தில் "மதத்" என்ற பெயரில் 2015 முதல் வெளியுறவுத் துறையின் குறைதீர்க்கும் பக்கம் இயங்குகிறது. அதில் பதிந்தால் ஒரு எண் தருவார்கள், மனு எங்கே நிற்கிறது என்று அதை வைத்துப் பார்க்கலாம். குழுவில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் பதியச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் அங்கே அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மனுவில் அழுகையைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எண், போன தேதி, முதலாளி பெயர், போன் எண், கடைசியாகப் பேசிய நாள், அனுப்பிய ஏஜெண்ட் பெயர் ஆகியவை இருந்தால் போதும். கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கிளம்பும் முன்பும், இறங்கிய பின்பும்

பாக்கிச் சம்பளம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே தூதரகத்தில் சொல்லி, வழக்கை நடத்த ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். வந்த பிறகு இங்கிருந்து கேட்பது ரொம்பச் சிரமம். சென்னையில் இறங்கியதும் அவசரச் சான்றிதழைக் குடியேற்ற அதிகாரிகள் வாங்கிக்கொள்வார்கள். அதனால் அங்கேயே ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது "அவசரச் சான்றிதழில் திரும்பியது உண்டா?" என்று படிவத்திலேயே கேட்பார்கள். உண்டு என்று எழுதி, எண், தேதி, கொடுத்த இடம் எல்லாம் நிரப்ப வேண்டும். மறைத்தால் புதிய பாஸ்போர்ட்டும் சிக்கலாகும்.

இனிமேல் போகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 ஆகஸ்ட் முதல் மேலே சொன்ன பெண்களை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். சுற்றுலா விசாவில் துபாய் போய் அங்கிருந்து வேறு நாட்டுக்கு என்று யாராவது சொன்னால் அது இந்த விதியைத் தாண்டும் வழிதான். முறைப்படி போகிறவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தாலோ முடமானாலோ 10 லட்சம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டார் அவர்கள் பாஸ்போர்ட், விசா ஜெராக்ஸ் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாதவர்கள் இன்று இரவே போன் போட்டு, இன்னும் பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்கள் பெட்டியில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும்.