பெட்டி நமது, சாவி யாருடையது?

ஈராண்டுகளுக்கு முன்பு, நான் நிர்வாகக் குழு உறுப்பினராக இருக்கும் அறக்கட்டளைப் பள்ளி ஒன்றுக்கு உள்தொலைபேசி இணைப்பகம் தேவைப்பட்டது. அலுவலகங்களில் 'இபிஏபிஎக்ஸ்' என்று வழங்கப்படும் அந்தப் பெட்டியைப் புதிதாக வாங்கும் அளவுக்குப் பள்ளியிடம் நிதி இல்லை. மூடப்பட்ட அலுவலகம் ஒன்றிலிருந்து கழற்றிய பன்னாட்டுத் தயாரிப்பு ஒன்று, 32 தொலைபேசிகளுடன், புதியதன் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. வாங்கலாம் என்று பரிந்துரைத்தவன் நான். மின் இணைப்புக் கொடுத்தபோது 8 தொலைபேசிகளில் மட்டுமே மணி ஒலித்தது. மற்ற 24-இன் சிறு திரைகளில், உரிமம் இல்லை என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் தோன்றியது.

பெட்டியில் பழுது ஏதும் இல்லை. முந்தைய உரிமையாளர், தம் ஊழியர்களின் பெயர்களும் அழைப்புப் பதிவுகளும் அடங்கிய நினைவக அட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். வியாபாரி வேறோர் அட்டையைச் செருகி விற்றிருக்கிறார். விரல் நகம் அளவேயான அந்த அட்டையின் எண்ணோடுதான் 32 தொலைபேசிகளுக்கான உரிமமும் பிணைக்கப்பட்டிருந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை; எங்களுக்கும் தெரியவில்லை.

பல பத்தாண்டுகளுக்கு முன்பு இத்தகைய சிக்கலுக்கு இடமே இல்லை. அன்றைய இணைப்பகம் கம்பிகளும் மின்காந்தச் சுவிட்சுகளும் கொண்ட இயந்திரம். அதை வாங்கியவர் அதன் முழுத் திறனையும் வாங்கினார். விற்றால் முழுத் திறனும் கைமாறியது. இன்றைய இணைப்பகம் ஒரு கணினி. எட்டுப் பேர் பணிபுரியும் அலுவலகத்துக்கும் நூறு பேர் பணிபுரியும் அலுவலகத்துக்கும் பெரும்பாலும் ஒரே பெட்டிதான் செல்கிறது. எத்தனை தொலைபேசிகள் இயங்கலாம், எத்தனை பேர் ஒரே நேரத்தில் குரல் அஞ்சலைப் பயன்படுத்தலாம், இணையவழி வெளி இணைப்புகள் எத்தனை என்பவற்றையெல்லாம் உரிமச் சாவி எனப்படும் எண்ணெழுத்துத் தொடர் ஒன்று தீர்மானிக்கிறது. அந்தத் தொடர், பெட்டியின் தாய்ப்பலகை எண்ணையோ நினைவக அட்டையின் எண்ணையோ கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது.

பொருளாதாரம் பயின்றவனுக்கு இதில் வியப்பு இல்லை. கூடுதலாக ஒரு தொலைபேசியை அனுமதிக்க உற்பத்தியாளருக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வுக்கும் மென்பொருளுக்கும் செலவிட்ட பெருந்தொகையை அவர் எங்கேனும் மீட்டாக வேண்டும். இயலுபவரிடம் கூடுதலாகவும் இயலாதவரிடம் குறைவாகவும் பெறுவதற்கு, முழுமையான பொருளின் ஒரு பகுதியை முடக்கி மலிவாக விற்பது ஒரு வழி. டெனெக்கெர், மெக்காஃபி ஆகிய இருவரும் 1996-இல் இதை 'சேதப்படுத்தப்பட்ட சரக்கு' என்ற தலைப்பில் ஆராய்ந்து, சில சூழல்களில் வாங்குபவர், விற்பவர் இருவருக்குமே இது நன்மை தரக்கூடும் என்று காட்டினர். அதை நான் மறுக்கவில்லை. எட்டுத் தொலைபேசி போதும் என்பவர் எட்டுக்கு மட்டும் பணம் தருவது நியாயமே.

சிக்கல் இரண்டாவது கைக்கு வரும்போது தொடங்குகிறது. 32 தொலைபேசிகளுக்கும் காலவரம்பற்ற உரிமக் கட்டணம் ஒருமுறை செலுத்தப்பட்டுவிட்டது. முதல் உரிமையாளர் பயன்பாட்டை நிறுத்திவிட்டார். உலகில் இயங்கும் தொலைபேசிகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. இந்நிலையில் இரண்டாமவரிடம் முழுக் கட்டணத்தையும் மீண்டும் கேட்பது, ஒரே வீட்டுக்கு இருமுறை விலை பெறுவதைப் போன்றது. நீண்ட நாள் உழைக்கும் பொருளை விற்பவர், தாம் நேற்று விற்ற பொருளோடு இன்று போட்டியிட வேண்டியிருக்கும் என்று ரொனால்டு கோஸ் 1972-இலேயே எழுதினார். மாற்ற இயலாத உரிமம் அந்தப் போட்டியைச் சத்தமின்றி ஒழித்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்டுசாஃப்ட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3-இல் அளித்த தீர்ப்பு தெளிவானது. காலவரம்பற்ற உரிமத்தை விலை கொடுத்துப் பெற்றவர் அதை மறுவிற்பனை செய்யலாம். ஆனால் தம்மிடமுள்ள படியைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும். அமெரிக்காவில், ஆட்டோடெஸ்க் மென்பொருளின் பழைய படிகளை இணையத்தில் விற்ற வெர்னர் என்பவரின் வழக்கில், 2010-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. முதலில் வாங்கியவர் உரிமம் பெற்றவரே அன்றி உரிமையாளர் அல்லர். ஆகவே அவர் விற்க முடியாது என்றது.

நம் நாட்டு நிலை இடைப்பட்டது. ஒரு படி ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தாலும் அதை மீண்டும் விற்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கே என்ற பொருள்தரும் சொற்கள், பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலிருந்து 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டன. 2021 மார்ச் மாதம் வருமான வரி தொடர்பான 'எஞ்சினீயரிங் அனாலிசிஸ்' வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த நீக்கத்தைக் கவனத்தில் கொண்டது. ஆனால் அது வரி வழக்கு. 'மாற்றத்தக்கதல்ல' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் உரிமத்தை இரண்டாமவர் எந்த அளவுக்குக் கோரலாம் என்ற கேள்விக்கு அது நேரடி விடை அன்று. வணிக நோக்கில் வாங்கப்படும் பொருள் என்பதால், சிறு நிறுவனங்கள் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டுவதும் எளிதன்று.

இந்த இடைவெளியில்தான் கள்ளச் சாவி வியாபாரம் செழிக்கிறது. 'ஐந்தாயிரம் கொடுங்கள், எல்லாவற்றையும் திறந்து தருகிறேன்' என்று எங்களிடமும் ஒருவர் வந்தார். அத்துமீறிய மென்பொருள் படி என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

உற்பத்தியாளரே மறைந்துபோனால்? கனடாவின் நோர்டெல் ஒரு காலத்தில் இத்துறையின் பெரும்பெயர். 2009 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் நிறுவனத் தொலைபேசிப் பிரிவை அதே ஆண்டில் அவாயா ஏறத்தாழ 90 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த அவாயாவும் 2017-இலும் 2023-இலும் திவால் பாதுகாப்பை நாடி மீண்டது. பெட்டியோ முறையாகப் பராமரித்தால் இருபதாண்டு உழைக்கும். விற்பனையும் ஆதரவும் நிறுத்தப்பட்ட மாதிரிகளுக்கேனும் உரிம மாற்றத்தைச் சிறு கட்டணத்தில் அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தினால், உற்பத்தியாளர் இழப்பதற்கு எதுவும் இல்லை, மின்கழிவும் குறையும். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையவாசல் வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றைப் பேசுகிறது. அலுவலகக் கருவிகளின் உரிமம் அந்த விவாதத்துக்குள் இன்னும் வரவில்லை.

அதுவரை வாங்குபவர் விழிப்புடன் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியை இயக்கச் செய்து, உரிமப் பட்டியலைத் திரையில் பார்க்க வேண்டும். நினைவக அட்டை முதலிலிருந்தே அதனுடன் இருப்பதுதானா என்று கேட்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் விலைப்பட்டியல் நகலும், உரிமங்களை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதமும் பெறுவது நல்லது. பெட்டியை அமைக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே இயங்கக்கூடும். அதற்கென ஒரு பழைய மடிக்கணினியையும் ஒதுக்க நேரலாம். சாதாரணத் தொலைபேசி பெரும்பாலான பெட்டிகளில் பேசும். திரையும் பொத்தான்களும் கொண்ட தொலைபேசி பெரும்பாலும் தன் நிறுவனப் பெட்டியோடு மட்டுமே பேசும்.

அமைக்கும்போது முதல் வேலை, ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றுவது. வெளியிலிருந்து அழைப்பவர் நம் இணைப்பு வழியாகவே வேறு எண்ணை அழைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதை மூடாவிட்டால், யாரோ இரவெல்லாம் வெளிநாட்டுக்குப் பேசிய கட்டணம் நம் பெயருக்கு வரும். எங்கள் பள்ளியில் வேறொரு பிழையும் நேர்ந்தது. அறைகளுக்கு 101 முதல் எண்கள் வழங்கினோம். அவசர உதவிக்கான 112-ஐச் சுழற்றினால் சமையற்கூடத்தில் மணி ஒலித்தது! பிறகு எண்களை 201-இலிருந்து தொடங்கினோம்.

அந்த அட்டை கிடைத்ததா என்று சிலர் கேட்கக்கூடும். கிடைத்தது, முந்தைய நிறுவனத்தின் கணக்காளர் ஓய்வுபெற்ற பின்னும் அதை ஓர் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பதிவுகளை அழித்த பிறகு, கடிதத்துடன் தந்தார். 32 தொலைபேசிகளும் இப்போது பேசுகின்றன. உரிமத்தை எங்கள் பெயருக்கு மாற்றித்தரக் கோரி உற்பத்தியாளருக்கு எழுதிய இரு கடிதங்களுக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.