கம்ப்யூட்டரும் எண்ணை மாத்துமா?

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும் எழுத்துமுறைதான் ஜேசன். 2001-ல் இதற்கு வடிவம் தந்தவர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு.

இதைப் படிக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் ரொம்பக் கண்டிப்பு! பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி போட்டாலோ, கடைசி விவரத்துக்குப் பின் காற்புள்ளி வைத்தாலோ 'தவறு' என்று உடனே நின்றுவிடும். நாமும் திருத்திடலாம்.

ஆனால் சத்தமே போடாத தவறும் உண்டு! 9007199254740993 என்று அனுப்பினால் 9007199254740992 என்று படிக்கும். ஏன்? 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். அது ஒருவருடைய பதிவெண்ணாக இருந்தால் ஆளே மாறிப்போவாரே!

வழி சுலபம். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத நீண்ட எண்ணை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்க. அப்போது அதைச் சொல்லாகவே படிக்கும். ஓர் இலக்கமும் மாறாது. லேபில் செஞ்சு பாருங்க!