ரயில் போன வழியில் சைக்கிள்

நாற்பதைத் தாண்டிய இரண்டு உபாத்தியாயர்கள் பிரான்ஸ் தேசத்தில் சைக்கிள் யாத்திரை செய்யப் புறப்பட்டார்கள் என்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும். எங்கள் வீட்டாரும் முதலில் சிரித்தார்கள், பிறகு கவலைப்பட்டார்கள். கவலைக்குக் காரணம் இருந்தது. எங்களில் ஒருவர் மூன்று வருஷங்களுக்கு முன்பு மார்வலி கண்டு, பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். அவர் யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை. "சம தரையில் மெதுவாகச் சைக்கிள் விடலாம்; மேடு மட்டும் கூடாது" என்பது வைத்தியரின் உத்தரவு. நாங்கள் போக ஆசைப்பட்டதோ தெற்குப் பர்கண்டிப் பிரதேசம். கடல் அலைகளைப்போல் குன்றுகள் எழுந்தும் தாழ்ந்தும் செல்லும் நாடு. மேடே கூடாதவர் மேட்டு நாட்டிற்குப் போவதெப்படி? அதற்கு வழி சொன்னது ஒரு பழைய ரயில் பாதை.

ஸோன் நதிக்கரையிலுள்ள ஷாலோன் நகரில் எங்கள் பிரயாணம் தொடங்கிற்று. பத்திரிகையில் படம் பார்த்து மகிழும் எவரும் அந்த ஊருக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். புகைப்படக் கலையின் மூலபுருஷரான நியெப்ஸ் 1765-ல் பிறந்த ஊர் அது. உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படத்தை அவர் 1820-களில் பக்கத்துக் கிராமத்து வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தார். அவர் சைக்கிளுக்கும் தூரத்து உறவினர் என்பது பலருக்குத் தெரியாது. மிதிகட்டை இல்லாமல், காலால் தரையை உந்தி ஓட்டும் இருசக்கர வண்டி ஒன்றை ஜெர்மானியர் ஒருவர் 1817-ல் கண்டுபிடித்தார். மறு வருஷமே நியெப்ஸ் அதுபோல் ஒன்று செய்து, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியான ஆசனமும் பொருத்தி, கிராமத்துச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார். அந்த வண்டி அவர் பெயரிலுள்ள காட்சிசாலையில் இருக்கிறது.

ஷாலோனுக்கு மேற்கே, சில மைல் தூரத்தில், ஜிவ்ரி என்ற சிற்றூர். அங்கிருந்து க்ளூனி வரையில் 44 கிலோமீட்டர் தூரம், ரயில் நின்றுபோன இருப்புப் பாதையை 1997-ல் தார் போட்ட தடமாக்கினார்கள். பிரான்ஸ் தேசத்தின் முதல் 'பசுமை வழி' என்று பெயர் பெற்றது இதுதான். மோட்டார் வண்டிகளுக்கு இதில் இடமில்லை. நடப்பவரும், சைக்கிள்காரரும், சக்கர நாற்காலியில் வருவோரும் செல்லலாம். 2004-ல் இத்தகைய பாதைகளுக்குச் சாலை விதிகளிலேயே தனி ஸ்தானம் கிடைத்தது.

ரயில் எஞ்சினுக்கும் மார்வலிக்காரருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு; இரண்டுக்கும் செங்குத்தான ஏற்றம் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்கிவிடும் என்பதால், பழைய எஞ்சினியர்கள் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, ஏறுவது தெரியாமல் ஏறும்படி வழி சமைத்தார்கள். எஞ்சினுக்காக அவர்கள் பட்ட பாட்டின் பலனை நாங்கள் அனுபவித்தோம். இரு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் குன்றேறிச் செல்கின்றன. புல்வெளிகளில் இப்பக்கத்துக்கே உரிய வெள்ளை மாடுகள் மேய்கின்றன. நாங்களோ அவற்றின் நடுவே, மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே போனோம்.

புஸ்ஸி என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு டியூப் பஞ்சராயிற்று. காற்றடிக்கும் பம்பு பழுதாயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வழியோடு வந்த பெரியவர் ஒருவர், எண்பது வயதிருக்கும், தம் சைக்கிளை நிறுத்திப் பம்பு கொடுத்தார். கல்லூரியில் கற்றுப் பாதி மறந்த எங்கள் பிரெஞ்சு மொழியைப் பொறுத்துக்கொண்டு, அவர் தம் கதையும் சொன்னார். சிறு பிள்ளையாக இருந்தபோது இந்த வழியில்தான் ரயிலேறிப் பள்ளிக்கூடம் போனாராம். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த அன்று ஊரே அநாதையானதுபோல் இருந்ததாம். "இப்போது என் பேரன் இதே வழியில் சைக்கிளில் போகிறான். வழி இருந்தால் போதும், ஐயா. வண்டி எதுவானால் என்ன?" என்றார். பம்பை வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்திவிட்டு, அவர் தம் வழியே போனார்.

அடுத்து வந்தது ஸேன் ஜாங்கூ. அரசர் காலத்தில் அதன் பெயரோடு 'ராஜாங்கம்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னாளில் அது போய்த் 'தேசியம்' என்ற அடைமொழி வந்தது. ஒரு புரட்சியின் சரித்திரத்தை அந்த ரயில் ஸ்டேஷன் பலகையிலேயே படித்துவிடலாம்! அதன் பின் கொர்மாத்தேன் ஊரின் பதினேழாம் நூற்றாண்டு மாளிகை. அதற்கும் அப்பால் தெய்ஸே. 1940-ல் சகோதரர் ரோஜே என்ற இளைஞர் இக்கிராமத்தில் வீடு வாங்கி, யுத்தத்தில் வீடிழந்து ஓடிவந்தவர்களுக்கு, யூதர்களுக்கும்கூட, புகலிடம் தந்தார். அவர் அமைத்த மடத்திற்கு இன்று பல தேசத்து வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

மாலையில் க்ளூனி சேர்ந்தோம். 910-ஆம் வருஷத்தில் ஸ்தாபிதமான மடம் இது. 1088-ல் தொடங்கிக் கட்டிய அதன் பெரிய கோயில் சுமார் 187 மீட்டர் நீளம். ரோமாபுரியில் புதிய ஸென்ட் பீட்டர் கோயில் எழும் வரையில் கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரிய கோயில் கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1798-ல், கோயிலை வியாபாரிகளுக்கு விற்றார்கள். அவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். கோயிலின் நடுவே ஒரு தெருவும் போட்டார்கள். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஒரு பக்கத்துக் கோபுரம் மட்டும், சொத்தெல்லாம் இழந்த பெரிய வீட்டுக் கிழவரைப்போல், தலைநிமிர்ந்து தனியாக நிற்கிறது.

அன்றிரவு எங்களுக்கு வெகு நேரம் உறக்கம் வரவில்லை. கோயிலைத் துண்டு துண்டாக விற்ற அதே நாட்டில், ரயில் பாதைக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கலாம். அண்டை வயற்காரர் ஆளுக்கு நூறு கஜம் வாங்கியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? நூறு கஜம் போனாலும் வழி முழுதும் போனதாகவே அர்த்தம். இங்கே மாவட்ட சபையார் அதை அறுபடாமல் பொதுச் சொத்தாகக் காத்தார்கள். பொதுச் சொத்து என்பது முழுதாக இருக்கும் வரையில்தான் சொத்து. பங்கு போட்டால் வெறும் கல்லும் மண்ணும்.

மறுநாள் மாக்கோன் நகரை நோக்கிப் புறப்பட்டோம். வழியில் ஒரு பெரிய குன்று மறித்து நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அதைக் குடைந்து சுமார் 1,600 மீட்டர் நீளத்திற்கு ரயில்காரர் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே விளக்குகள் உண்டு. வெளியே வெயில், உள்ளே மார்கழிக் குளிர். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காகச் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். அப்போது குன்றேறித்தான் போகவேண்டும். எங்களைப் போன்றவர்கள் கோடையில் செல்வதே உசிதம்.

சுரங்கத்தைக் கடந்தால் கவி லாமார்த்தினின் நாடு. 1790-ல் மாக்கோனில் பிறந்த அவர், 1848 புரட்சியில் மூவர்ணக் கொடியே தேசக் கொடியாக நிலைக்கவேண்டுமென்று பாரீஸ் ஜனத்திரள் முன் வாதாடி வென்றவர். குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்ததும் அவர் அங்கம் வகித்த தற்காலிக சர்க்காரே. தூரத்தில் ஸொலூத்ரே என்ற பாறை, படுத்திருக்கும் நந்தியைப்போல் தெரிந்தது.

சைக்கிள் யாத்திரை இத்தேசத்தில் சாமானிய ஜனங்களின் செல்வம். ஸேன்-எத்தியேன் ஊர்க்காரரான போல் த விவீ (1853–1930) என்பவர் 1887-ல் ஒரு சைக்கிள் பத்திரிகை தொடங்கி, பந்தயத்திற்கல்ல, நாட்டைப் பார்ப்பதற்கே சைக்கிள் என்று உபதேசித்தார். அவர் சைவ உணவுக்காரர். மேட்டில் கால் நோகாமல் ஏறப் பல்வேறு கியர்கள் வேண்டுமென்று போராடினார். புகழ்பெற்ற பிரெஞ்சு தேசப் பந்தயத்திலோ 1937 வரையில் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதியே இல்லை! பிறகு 1936-ல் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் இரண்டு வாரம் விடுமுறை தரும் சட்டம் வந்தது. சமுத்திரத்தையே கண்டறியாத எத்தனையோ பேர் சைக்கிளிலும், இருவர் மிதிக்கும் வண்டியிலும் அதைக் காணப் புறப்பட்டார்கள்.

மாக்கோன் பாலத்தில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு, ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியும் தின்றோம். மார்வலிக்காரர் தம் நாடியைத் தாமே பிடித்துப் பார்த்தார். "சரியாகத்தான் இருக்கிறது. வைத்தியரிடம் என்ன சொல்லுவது?" என்று கேட்டார். "சம தரையில்தான் போனோம் என்று சொல்லலாம், பொய்யில்லையே!" என்றார் மற்றவர்.

பெரியவர் தந்த பம்பு எங்கள் பையில் இருக்கிறது. திரும்பும்போது நாங்கள் ஒரு காரியம் செய்தோம். பம்பு இல்லாமல் நின்ற ஒரு சிறுவனுக்குக் காற்றடித்துக் கொடுத்தோம். பம்பையும் கொடுத்திருக்கலாம்; மனம் வரவில்லை. அடுத்த முறை போகும்போது கொடுப்போம்.